சொட்ட மறுத்த பெட்ரோல்

ஸ்கூட்டர் விற்பவரை வாடிக்கையாளர்கள் இனிப்போடு வந்து பார்ப்பார்கள்; விற்ற ஸ்கூட்டரைக் கொண்டுவரச் சொல்லி அழைப்பவரின் பேச்சை ஐயத்தோடுதான் கேட்பார்கள். மண்ணூர்பேட்டையில் உள்ள ஒரு விற்பனை நிலையத்தில் நான் இரண்டாம் வகை. இவ்வாறு அழைத்து ஏச்சு வாங்கிய தோழமைகளுக்கு விளக்கம் வேண்டா. மற்றவர்கள் சிலவற்றை முதலில் அறிய வேண்டும்.

திரும்ப அழைப்பது வண்டியைப் பிடுங்கிக்கொள்வதற்கு அன்று. குறையுள்ள பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதற்கு. எங்கள் ஸ்கூட்டர் ஒன்றில் குழாயில் விரிசல் விட்டு, பெட்ரோல் சூடான இன்ஜின் மீது சொட்டியது. புதிய வண்டிகளுக்கு மட்டும் நிறுவனம் குழாயை மாற்றித் தந்தது. பழைய வண்டியும் ஒழுகினால் உரிமையாளர் அரசிடம் புகார் செய்யலாம்; ஆனால், அரசு ஆய்வாளர் வந்து அதைத் தம் கண்ணால் காண வேண்டும்.

இலவசம் என்றால்

பாடியில் வசிக்கும் வாடிக்கையாளர் ஒருவரை அழைத்து, குழாயை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பேசி முடித்ததும் சொன்னார்:

“சரிம்மா, ஓடிபி எப்ப கேப்ப? வேலைக்குப் போவணும், சட்டுனு கேளு!”

கஸ்தூரியின் புகார்

பட்டாபிராமிலிருந்து கஸ்தூரி என்பவர் வந்தார். தினமும் மகளைப் பின்னால் அமர்த்திப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவர். “பாப்பா யூனிபார்ம்ல பெட்ரோல் நாத்தம் அடிக்குது மேடம். பத்திகிச்சுனா நான் இன்னா பண்ணுவேன்?” என்றார். அவருடையது பழைய வண்டி. நிறுவனத்தின் பட்டியலில் இல்லை. வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அரசின் இணையதளத்தில் புகாரைப் பதிய அவருக்கு உதவினேன்.

என் மேலாளர் பின்னால் வந்து நின்று திரையைப் படித்தார். விற்பவரே புகார் எழுத உதவுவதா என்று கடிந்துகொள்வார் என எதிர்பார்த்தேன். அவர் பெருமூச்சுவிட்டார்.

“எழுதறதுதான் எழுதறீங்க மேடம், நம்ம கடை பேருக்கு முன்னாடி ‘மதிப்புக்குரிய’ன்னு ஒண்ணு போட்டுடுங்க.”

ஆய்வாளர் வந்த அன்று

ஆய்வாளருடன் நிலையத்தின் சார்பில் நானும் பட்டாபிராம் சென்றேன். கஸ்தூரியின் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் பளபளவென்று நின்றது. முன்புறம் சந்தனப் பொட்டு. கைப்பிடியில் மல்லிகைச் சரம். ஆய்வாளர் மண்டியிட்டுக் குழாயைப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. ஒழுகவில்லை என்று எழுதப் பேனாவைத் திறந்தார். அப்படி எழுதிவிட்டால் விசாரணை அத்தோடு முடிந்துவிடும்; இந்த வண்டிக்கு மட்டுமன்று, பழைய வண்டி எதற்குமே குழாய் கிடைக்காது.

கஸ்தூரி குனிந்து பார்த்தார். குழாயில் நீல நிறமாக ஏதோ அப்பியிருந்தது. “இது என் துணி சோப்பாச்சே!” என்று கணவர் சேகரை நோக்கித் திரும்பினார். தெருமுனை மெக்கானிக்கை அழைத்து, விரிசலைச் சோப்பால் அடைக்கச் செய்தவர் அவரே. பெட்ரோலில் சோப்பு கரையாது. சில நாள் தாங்கும்.

“பெரிய ஆபீசர் நம்ம ஊட்டுக்கு வராரு. ஒழுகிகினு கீற வண்டியவா காட்றது?” என்றார் சேகர்.

ஒரு குவளைத் தண்ணீர்

கஸ்தூரி உள்ளே சென்று ஒரு குவளை வெந்நீர் கொண்டுவந்து, ஆய்வாளரின் அனுமதியோடு குழாயின் மீது ஊற்றித் தேய்த்தார். நுரை வழிந்தது. துணியால் துடைத்துவிட்டுக் காத்திருந்தோம். விரிசலில் ஒரு துளி திரண்டு, தயங்கி, விழுந்தது, பின்னர் மற்றொன்று. “ஒழுகுது! ஒழுகுது!” என்று கஸ்தூரி கூவ, எதிர்வீட்டினர் எல்லாரும் கை தட்டினர். சேகரும் தட்டினார்.

ஆய்வாளர் படமெடுத்துக்கொண்டு எழுந்தார்.

“வண்டி ஒழுகுதுன்னு கை தட்டுற தெருவ இப்பத்தாம்மா பாக்கறேன்.”

பின்னர் உறுதியானவை

குழாயைப் பிணைக்கும் வளையம் அதை அறுக்கிறது என்று விசாரணை முடிவு செய்தது. பழைய வண்டிகளும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கஸ்தூரியின் வண்டிக்குப் புதிய குழாய் பொருத்தப்பட்டது. மகளின் சீருடையில் இப்போது துணி சோப்பின் மணம் மட்டுமே. பாடிக்காரரும் வந்து குழாயை மாற்றிக்கொண்டார், ஓடிபி இல்லாமலே. வேறு புகார்களுக்காக ஆய்வாளர் வரும் நாளைத் தெரிவிக்க அழைக்கும்போது மட்டும், “அன்று தயவுசெய்து வண்டிக்குச் சோப்புப் போடாதீர்கள்” என்று நான் இருமுறை சொல்கிறேன்.