கடைசி ஹவர்

எங்கள் சட்டக் கல்லூரியில் டைம்டேபிள் போடுவது என் வேலை. நான் கேட்டு வாங்கியதில்லை. சேர்ந்த புதிதில் ஒருமுறை ஸ்கேல் வைத்துக் கோடுகளை நேராகப் போட்டுக் காட்டினேன், அன்றைக்கே அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கோடு போடும் வேலை போய்விட்டது, பொல்லாப்பு மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

கோயம்புத்தூரில் யாரும் நேராகச் சண்டைக்கு வர மாட்டார்கள். "ஏனுங்க மேடம், ஒரு சின்ன விசயமுங்க" என்று ஆரம்பிப்பார்கள். அந்தச் சின்ன விஷயத்தைச் செய்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். ஒருவருக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வர வேண்டும், அதனால் முதல் ஹவர் வேண்டாம். ஒருவருக்கு மத்தியானம் சாப்பிட்டதும் பாடம் எடுத்தால் அவருக்கே தூக்கம் வருகிறது. வெளியிலிருந்து வந்து பாடம் எடுக்கும் வக்கீல்களுக்கோ கோர்ட் தொடங்குவதற்கு முன்னால் வேண்டும், இல்லையென்றால் கோர்ட் முடிந்த பின்னால் வேண்டும். எல்லோரும் சிரித்த முகமாகத்தான் கேட்பார்கள். இல்லை என்று சொன்னாலும் சிரித்த முகமாகவே போய் பிரின்சிபாலிடம் சொல்லுவார்கள்.

இதில் மாணவர்களின் பதிவு வேறு. ஒவ்வொரு செமஸ்டரும் அவர்கள் தங்கள் பேப்பர்களைப் போர்ட்டலில் பதிய வேண்டும். கட்டாயப் பேப்பர்களில் தேர்வுக்கு இடமில்லை. ஆப்ஷனல் ஒன்றை மட்டும் அவர்களே எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பேராவது எடுக்காவிட்டால் அந்த ஆப்ஷனல் நடக்காது. வகுப்பு தொடங்கிய பிறகும் சில நாள் மாற்றிக்கொள்ள விடுவார்கள், அப்புறம் போர்ட்டல் பூட்டிக்கொள்ளும். எந்தப் பேப்பரிலாவது வருகை எழுபது சதவீதத்துக்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடையாது. அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே பேப்பரை மறுபடி பதிய வேண்டியதுதான். வருடம் போயிற்று என்று அர்த்தம்.

பாடத்தைப் பார்த்து ஆப்ஷனல் எடுக்கிற பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் பஸ்ஸைப் பார்த்து எடுக்கிறார்கள். இது எனக்குத் தெரியும் என்பதால் என் நிலச் சட்டம் பேப்பரை எப்போதும் முதல் ஹவரில் வைத்துக்கொள்வேன். அதுவும் ஆப்ஷனல்தான். டைம்டேபிள் போடுகிறவளுக்கு அந்த ஒரு சலுகையாவது வேண்டாமா? மற்ற வருடத்து வகுப்புகளில் ஒப்பந்தச் சட்டத்தை யார் கேட்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று பார்க்காமல் எடுத்துவிட்டு வந்துவிடுவேன். நிலச் சட்டத்தில் அப்படி இல்லை. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் ஏதாவதொரு வரப்புத் தகராறு நடந்துகொண்டிருக்கும். கிணற்றில் பங்கு யாருக்கு, பொதுத் தடத்தில் வேலி போடலாமா என்று அவர்கள் கேட்கும் கேள்விகளில்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே எனக்கு ஞாபகம் வரும்.

போன வருடம் இறுதியாண்டில் ஒரு பெண் இருந்தாள். பல்லடத்துக்கு அந்தப்பக்கம் ஒரு ஊரில் வாக்கப்பட்டவள். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். மாமனார், மாமியார், கணவன் மூன்று பேரும் ஆள் மாற்றி ஆள் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். கல்யாணமாகி, மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் இவள் சட்டம் படிக்க வந்தாள். இந்த வருடத்தோடு படிப்பை முடித்துவிட வேண்டும், ஒரு வருடம் நீண்டாலும் ஆகாது என்று மாமனார் சொல்லியிருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய பொறுமை அவ்வளவுதான்.

செமஸ்டர் தொடங்கி டைம்டேபிளை ஒட்டிய மறுநாள் அவள் என் மேஜைக்கு வந்தாள். சிவில் நடைமுறைச் சட்டம் கடைசி ஹவரில் இருந்தது. அது முடிந்து கிளம்பினால் பல்லடத்தில் அவள் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது. அந்த நேரத்தில் தறியை நிறுத்திவிட்டு வண்டி எடுத்து வந்து அவளைக் கூட்டிப்போக வீட்டில் ஆளில்லை. வகுப்பை விட்டால் வருகை போகும். அதைக் கொஞ்சம் முன்னால் வைக்க முடியுமா என்று கேட்டாள்.

அன்றைக்கு அவள் ஏழாவதோ எட்டாவதோ ஆள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முடியாது கண்ணு. ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கோ" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று போய்விட்டாள். அவ்வளவுதான். இரண்டாவது முறை கேட்கவில்லை, அழவில்லை, பிரின்சிபாலிடமும் போகவில்லை. மறுபடி மறுபடி வந்து நிற்கிறவர்களை நான் அன்றைக்கே மறந்துவிடுவேன். இவள் ஒரே வார்த்தையில் போனதுதான் மனதில் கிடந்து உறுத்தியது.

மறுநாளிலிருந்து கடைசி ஹவர் முடியும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். மணி அடித்ததும் முதல் ஆளாக வெளியே வந்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகக் கேட்டைத் தாண்டிப் போவாள். அப்படி ஓடியும் அந்த பஸ் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் இருட்டில் நின்று யார் வருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு வாரம் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

அந்தப் பேப்பரை எடுத்தவர் கோட்டைமேட்டுக்காரர், மூத்த வக்கீல். குடும்பத்துக்கு உக்கடத்தில் இரும்புக் கடை. கோர்ட் முடிந்து வந்து பாடம் எடுத்துவிட்டு நேராக ஆபீசுக்குப் போவார். காலையில் அவருக்கு வீட்டிலேயே கட்சிக்காரர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவரை முதல் ஹவருக்கு வர முடியுமா என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். டைரியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, கட்சிக்காரர்கள் இத்தனை வருடம் கோர்ட்டில் காத்திருக்கவில்லையா, என் வீட்டில் ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

முதல் ஹவர் என்னுடையது. அதை அவருக்குக் கொடுத்தால் என் நிலச் சட்டம் கடைசி ஹவருக்குப் போகும். போகட்டும் என்றேன். அந்தப் பெண் எடுத்திருந்த ஆப்ஷனல் மத்தியானம் நடக்கும் வரிச் சட்டம். ஆனால் நிலச் சட்டம் இறுதியாண்டின் இரண்டு பிரிவுக்கும் பொதுவான ஆப்ஷனல். இன்னொரு பிரிவுக்குக் கடைசி ஹவரில் மாதிரி நீதிமன்றப் பயிற்சி இருந்தது. அதை நகர்த்த ஹால் வேண்டும். ஹாலுக்கு வேறொரு வகுப்பு இடம் மாற வேண்டும். ஒரு கட்டத்தைத் தொட்டால் பத்துக் கட்டம் ஆடும். ஒவ்வொருவரிடமும் நானே போய், ஏனுங்க, ஒரு சின்ன விசயமுங்க என்று நின்றேன். இத்தனை வருடம் கேட்டுக் காது புளித்த அதே வார்த்தைகள்.

அந்தப் பெண்ணிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இது என் தொழில் வழக்கம். ஒட்டும் வரைக்கும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. ஒருத்திக்கு மாற்றுகிறேன் என்று தெரிந்தால் நாற்பது பேர் வந்து நிற்பார்கள், நடக்கிற காரியமும் நின்றுபோகும். புதிய டைம்டேபிளைப் பிரின்சிபாலின் கையெழுத்தோடு பலகையில் ஒட்டியபோது வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அன்று மாலையே அவள் வந்தாள். யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"எனக்காக மாத்துனீங்கன்னு சொன்னாங்க மேடம். ரொம்ப நன்றிங்க."

இனிமேல் பொழுதோட ஊட்டுக்குப் போயிரலாமல்ல என்று கேட்டேன். "ஆமாங்க மேடம்" என்று சிரித்தாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. டைம்டேபிள் போட்டு யாராவது எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

போர்ட்டல் அப்போது இன்னும் பூட்டவில்லை. நிலச் சட்டம் கடைசி ஹவர் என்று தெரிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பஸ்ஸைக் காரணம் சொன்னவர்கள், சாயங்காலம் வேலைக்குப் போகிறவர்கள், காரணமே சொல்லாதவர்கள், எல்லோரும் வரிச் சட்டத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பூட்டிய அன்று மீதி இருந்தவர்கள் பத்துக்குக் குறைவு. ஆபீசில் நிலச் சட்டத்தை மூடிவிட்டார்கள். விதி நானே நூறு பேருக்கு எடுத்துச் சொன்னதுதான், அதனால் எதிர்த்துப் பேச வாயில்லை. எனக்கு ஒப்பந்தச் சட்டம் மட்டும் மிஞ்சியது. கடைசி ஹவரில் வேலை இல்லாமல் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருப்பேன். கேட்டவர்களிடம் ஓய்வு கிடைத்தது நல்லதாகப் போயிற்று என்று சொன்னேன். உள்ளுக்குள் வலித்தது. அந்தப் பெண் இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள் என்று நினைத்துத்தான் அந்த வலியைத் தேற்றிக்கொண்டேன்.

இப்படி ஒரு மாதத்துக்கு மேல் போயிருக்கும். ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் ஃபேன் ஓடவில்லை. கடைசி ஹவரைக் கழிக்க லைப்ரரிக்குப் போனேன். மூலை மேஜையில் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே புத்தகம் திறந்திருந்தது, பார்வை அதில் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகத்தில் திருடி மாட்டிக்கொண்ட கலவரம்.

நான் எதிரில் உட்கார்ந்தேன். பஸ்ஸுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். முதலில் இன்றைக்குக் கொஞ்சம் வேலை என்றாள். பிறகு சொன்னாள்.

நான் ஏற்பாடு பண்ணிக்கொள் என்று சொன்ன அந்த வாரக் கடைசிக்குள்ளேயே அவள் ஏற்பாடு பண்ணிவிட்டாள். மறுநாளே உக்கடத்தில் லேடீஸ் ஹாஸ்டலில் இடம் பிடித்தாள். வாரம் முழுக்க அம்மா இல்லாத வீட்டில், மூன்று பேரும் தறியில் நிற்கிறபோது, மகளை யார் பார்ப்பார்கள்? பள்ளியில் டி.சி. வாங்கி, அந்தியூரில் தன் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டு, அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டாள். நான் ஜன்னலில் பார்த்த ஓட்டம் பல்லடம் பஸ்ஸுக்கு இல்லை. ஹாஸ்டலுக்குப் போய் மகளுக்குப் போன் பண்ணுவதற்காம்.

எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். புதிய டைம்டேபிள் ஒட்டிய அன்றே இதைச் சொல்லியிருக்கலாமே, மகளைத் திரும்பக் கூட்டி வந்திருக்கலாமே என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். லைப்ரரியன் எட்டிப் பார்த்தார்.

கேட்டுப் பார்த்தாளாம். இரண்டு பள்ளியிலும் நடுவில் மறுபடி மாற்ற ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பள்ளியில் அந்த இடத்தில் வேறு குழந்தையைச் சேர்த்தாயிற்று. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லா இடத்திலும் ஒரு போர்ட்டல் இருக்கிறது, அது ஒருநாள் பூட்டிக்கொள்கிறது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமல்ல?"

"நீங்க அத்தனை பேர்கிட்ட கேட்டு மாத்திக் குடுத்தீங்க. உங்க பேப்பரே போயிருச்சுன்னாங்க. அப்பறம் எப்படிங்க மேடம் வந்து சொல்றது?"

சரி, நீயாவது ஹாஸ்டலை விட்டுவிட்டுப் பொழுதோடு வீட்டுக்குப் போகலாமே என்றேன்.

"அவ இல்லாத ஊட்டுக்கு எதுக்குங்க தெனமும் அவ்வளவு தூரம்?" என்றாள். சனி ஞாயிறு அந்தியூர் போய்விடுகிறாளாம், கணவனும் அங்கே வந்துவிடுகிறாராம்.

கோபம் இறங்கிப்போய், உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது. அவளுக்கு அந்த ஹவரில் வகுப்பு இல்லை. எனக்கும் இல்லை. அதைக் காலி பண்ணத்தான் நான் அத்தனை பேர் முன்னால் போய் நின்றேன்.

அப்போது அவள் போன் அதிர்ந்தது. திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எடு என்று தலையசைத்தேன். மேஜைக்குக் கீழே குனிந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"ஆமா கண்ணு, கிளாஸுலதான் இருக்கறேன். இல்ல சாமி, நெசமாத்தான். தெனமும் இருக்குது, அதனாலதான அம்மாயி ஊட்ல விட்டுருக்கறேன். முடிஞ்சதும் வாரேன்."

அந்தப்பக்கம் குழந்தை விடவில்லை. நம்பவும் இல்லை என்று தெரிந்தது. கிளாஸ் என்றால் சத்தமே காணோமே என்று கேட்டிருக்க வேண்டும். அவள், மேடம் பக்கத்துலயே இருக்கறாங்க, வேணும்னா கேட்டுப் பாரு என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

நான் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டேன்.

"ஆமா அம்மணி, கிளாஸ் நடக்குது" என்றேன்.

போனில் குழந்தையின் குரல் கேட்டது.

"முடிஞ்சதும் எங்கம்மாவ அனுப்பி வெச்சுருங்க மிஸ்."

"ஆகட்டும் அம்மணி" என்று சொல்லி, போனை அவளிடம் கொடுத்தேன்.