மேலே நின்ற மணி

சனிக்கிழமை காலை 8.40. கேம்பிரிட்ஜில் வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்ததுமே சீட் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துச் சரிபார்த்தேன். ஸ்டியரிங் வலது பக்கம்; ஓட்ட வேண்டியது சாலையின் இடது பக்கம். நியூ ஜெர்சியில் பன்னிரண்டு வருஷம் ஓட்டிப் பழகிய என் கணவர் பிரபு, "ஈரோட்டுல ஓட்டுனவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி, கவி" என்றார். ஈரோட்டில் அவர் ஓட்டியதெல்லாம் ஒரு பழைய மொபெட்.

அவருடைய ஆபீஸ் மீட்டிங்குக்காக நியூவர்க்கிலிருந்து இங்கிலாந்து வந்திருந்தோம். நானும் ஏழு வயது மகள் யாழினியும் தொற்றிக்கொண்டது அப்படித்தான். கைவசம் ஒரே ஒரு நாள் மிச்சம். பழங்கட்டடம் என்றால் எனக்குப் பைத்தியம். சஃபோக் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்துத் தேவாலயத்தைப் பார்க்காமல் எங்கள் ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தவள் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பரி செயிண்ட் எட்மண்ட்ஸ் வரை 28 மைல், நல்ல ரோடு. அதற்கப்புறம் ஒன்பது மைல் சந்து. ஆமாம், சந்துதான். ஒரு கார் அகலம், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் வேலிச்செடி. எதிரில் டிராக்டர் வந்தால் எங்கே ஒதுங்குவது என்று கடவுளுக்கே தெரியாது. இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன்.

10.15. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள். இருபது வீடு, ஒரு பஸ் நிறுத்தம், கல்லறைகளுக்கு நடுவே தேவாலயம். கல்லறைகளில் பாதி சாய்ந்து கிடந்தன. பக்கத்தில் ஒரு கறுத்த மரம், அடியில் வெயிலே படாத ஈரம். யாழினி என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, ஆர் வி அலௌட்?"

"சும்மா வா. இது எல்லாரும் வர்ற இடம்" என்றேன், தைரியசாலி மாதிரி.

சுவரெல்லாம் தீக்கல், அதாவது சிக்கிமுக்கிக் கல். கறுப்பும் வெள்ளையுமான கல்லை உடைத்து, உடைந்த முகம் வெளியே தெரியும்படி சுண்ணாம்பில் பதித்திருக்கிறார்கள். நம்மூர்க் கோயில் மாதிரியே கிழக்குப் பார்த்த கட்டடம். மேற்கில் சதுரக் கோபுரம், தெற்கில் வாசல் மண்டபம். உள்ளே மக்கள் நிற்கும் நடுக்கூடம், அதைத் தாண்டி பாதிரியாருக்கான பீடப்பகுதி. மகாமண்டபமும் கர்ப்பகிரகமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த தூண்கள் மிகப் பழையவை. பெரிய ஜன்னல்கள் அதற்குப் பிந்தியவை, கம்பளி வியாபாரத்தில் ஊருக்குப் பணம் கொழித்த காலத்தவை. மண்டபத்தில் ஒரு பவுண்டு போட்டு எடுத்த கையேட்டை வைத்துக்கொண்டு இதையெல்லாம் உரக்க வாசித்தபடி நடந்தேன். ஆள் இல்லாத கோயிலில் என் குரல் மட்டும் திரும்பித் திரும்பி வந்தது.

நடுக்கூடமும் பீடப்பகுதியும் சேரும் வளைவுக்கு மேலே ஓர் ஓவியம். கடைசி நாள் தீர்ப்பு. ஒரு பக்கம் நல்லவர்கள் எழுந்து போகிறார்கள். மறு பக்கம் மற்றவர்களை ஒரு பெரிய மீன் வாயைப் பிளந்து விழுங்குகிறது. கீழே மரத்தட்டியில் வரிசையாகப் புனிதர்கள், ஒருவருக்கும் முகம் இல்லை. அரசன் போப்போடு முறித்துக்கொண்டு மதத்தை மாற்றிய காலத்தில், கூர்மையான எதையோ கொண்டு சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அதோடு மீனுக்கும் சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டார்கள். முந்நூறு வருஷம் கழித்து யாரோ சுண்ணாம்பைச் சுரண்ட, மீன் வாயைத் திறந்தபடியே வெளியே வந்ததாம்.

"ஐ டோன்ட் லைக் திஸ் பிளேஸ்" என்று யாழினி முனகினாள்.

"பயமா இருக்கா தங்கம்? வா, நாம அந்தப் பக்கம் போலாம்" என்று பிரபு அவளை மேற்கே கூட்டிப்போனார்.

அங்கே கோபுரத்தின் அடித்தளம், கூடத்தோடு சேர்ந்தே திறந்து கிடந்தது. பலகைக் கூரையில் ஆறு ஓட்டைகள், அவற்றின் வழியாக ஆறு கயிறுகள். கை பிடிக்கிற இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பளி சுற்றியிருந்தது. தூணில் ஒரு சின்ன அட்டை: 'பெல்ஸ் அப்'. இரண்டே சொல்.

"மணி மேலதான இருக்கும்? பின்ன கீழயா இருக்கும்? இதுக்கு ஒரு போர்டு!" என்று பிரபு அங்கிருந்தே சொன்னார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கையேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"அப்பா, கேன் ஐ ரிங் இட்?"

"அடி கண்ணு. சாமி கும்பிடறதுக்கு முன்னாடி அடிக்கணுமில்ல?"

எங்கள் ஊர்க் கோயிலில் சனிக்கிழமைதோறும் நடப்பதுதான் இது. அவர் அவளைத் தூக்குவார், அவள் டணார் என்று ஒரு தட்டு தட்டுவாள், இறக்கிவிடுவார். அதே பழக்கத்தில் தூக்கினார். அவள் இரண்டு கையாலும் கம்பளியைப் பிடித்து இழுத்தாள்.

கயிறு கொஞ்சம் கீழே வந்தது. தலைக்கு மேலே எங்கேயோ கனமான ஏதோ ஒன்று புரண்டது. அடுத்த கணம் கயிறு விருட்டென்று மேலே ஏறியது, என் குழந்தையோடு. அவர் கையிலிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவள் கால்கள் அவர் தலைக்கு மேலே உதைத்துக்கொண்டிருந்தன.

"விட்றாத! கெட்டியாப் புடிச்சுக்கோ! விட்றாத!" என்று பிரபு அலறினார்.

நானா? வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

வாசல் மண்டபத்திலிருந்து ஒரு பெண்மணி ஓடிவந்தார். கையிலிருந்த ஃபிளாஸ்க் கல் தரையில் விழுந்து உருண்டது. "லெட் கோ! லெட் கோ ஆஃப் த ரோப்!"

யாழினி அப்பாவைப் பார்த்தாள். அந்த அம்மாளைப் பார்த்தாள். கையை விட்டாள்.

பிரபுவின் மேலே வந்து விழுந்தாள். இரண்டு பேரும் தரையில் சாய்ந்தார்கள். மேலே மணி ஒரு தடவை முழங்கியது. மரம் முறிகிற சத்தம் கேட்டது. கயிறு சாட்டை மாதிரி சுழன்று சுழன்று அடித்தது. அந்த அம்மாள் பிரபுவின் சட்டைக் காலரைப் பிடித்து, இருவரையும் சுவரோரம் இழுத்துப் போட்டார்.

பிறகுதான் அந்த அம்மாள் விளக்கினார், அவர் மணி அடிக்கும் குழுவில் ஒருவர். நம் மணி வாயைக் கீழே வைத்துத் தொங்கும். நாம் ஆட்டுவது நாக்கை மட்டும். இங்கே மணியையே சக்கரத்தில் பூட்டி முழுச் சுற்றுச் சுற்ற விடுகிறார்கள். அடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக வீசி, வாய் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாக நிறுத்தி, ஒரு மரக்கட்டையில் சாய்த்து வைப்பார்கள். அதற்குப் பெயர்தான் 'அப்'. அந்த மணி முந்நூறு கிலோ. ஒரு குழந்தை தொட்டால் போதும், சரிந்து சுற்றத் தொடங்கிவிடும், சக்கரம் கயிற்றை மேலே இழுத்துக்கொள்ளும். பன்னிரண்டு மணிக்குக் கல்யாணம் என்பதால் மணிகளை ஏற்றி வைத்துவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். "கயிறுகளைச் சுருட்டி மேலே மாட்டியிருக்க வேண்டும், தப்பு எங்களுடையது" என்றார்.

"இன்னும் ஒரு நொடி பிடித்திருந்தால்..." என்று ஆரம்பித்து, கூரையில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். முடிக்கவில்லை. ஒரு கை நுழையும் ஓட்டை, சுற்றிலும் கனத்த பலகை. நான் யாழினியை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

யாழினியின் உள்ளங்கை இரண்டும் சிவந்து கன்றியிருந்தன. அந்த அம்மாள் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, மெல்லிய துணி சுற்றிவிட்டார்.

11.50. கிளம்பினோம். கால் மைல் போனதும் பின்னால் கல்யாண மணி தொடங்கியது. ஐந்து மணிதான், முறிந்த கட்டையோடு ஒன்று சும்மா நின்றது. பிரபு காரை வேலியோரம் நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதார். கல்யாணமாகி பத்து வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் கோயிலில் மணியை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். உலகத்தில் எல்லா மணியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம். அவ்வளவுதான் எங்கள் குற்றம். அதற்கு யாழினியின் உயிர் போயிருக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரபு கேட்டார். "அப்பா புடிச்சுக்கோன்னு சொன்னேன்... நீ எப்படி கண்ணு விட்ட?"

"தட் ஆன்ட்டி லுக்ட் ஸோ ஸ்கேர்ட். ஸோ ஐ லெட் கோ." துணி சுற்றிய கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மா, யூ டிட்ன்ட் சே எனிதிங்."

காலையிலிருந்து தூண், ஜன்னல், சுண்ணாம்பு என்று வாய் ஓயாமல் பேசியவள் நான். இறங்கிப் போய் பின் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளங்கை வலிக்கும் என்பதால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மாக்குக் குரலே வரல தங்கம். அவ்வளவு பயந்துட்டேன்."

அவள் என் தோளில் சாய்ந்தாள். பிறகு, நான் வீட்டில் அவளைத் திட்டி முடித்துவிட்டுச் சமாதானம் சொல்லும் அதே குரலில், "இட்ஸ் ஓகே. நெக்ஸ்ட் டைம் ஜஸ்ட் யெல், ஓகே?" என்றாள்.