கடைசி சீட்டில் ஏறிய மெக்கானிக்

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, வருடம் சரியாக நினைவில்லை. ஐப்பசி மழையில் ஆரம்பித்து மார்கழிக் குளிரில் முடிந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அப்போது திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலில் வாடகைக் கட்டடம் ஒன்றில் சின்னதாக ஒரு செக்கிங் யூனிட் நடத்திக்கொண்டிருந்தேன். ஏற்றுமதிக் கம்பெனியில் தைத்து வரும் பனியன்களை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, நல்லதை மடித்துப் பெட்டியில் போட்டு அனுப்புவது எங்கள் வேலை.

குன்னத்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து ஏழு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களைக் கூட்டிவர ஏழு வருடம் ஓடிய ஒரு பெட்ரோல் வேனை வாங்கி வைத்திருந்தேன். டிரைவர் கிடையாது. நானேதான் ஓட்டுவேன். ஒரு பொம்பளை வேன் ஓட்டுகிறாள் என்று ஊரே திரும்பிப் பார்க்கும். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஸ்டார்ட் செய்ததும் அடியில் தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். மேடு வந்தால் மூச்சு வாங்கியது. சில நாள் அழுகின முட்டை நாற்றம் வேறு. எங்கள் ஊரில் எதற்கும் ஒரே வைத்தியம் பனியன் வேஸ்ட்தான், பனியன் வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுத் துணி. மிஷின் துடைக்க, ஒழுகுகிற குழாயைக் கட்ட, மேசைக் கால் ஆடினால் முட்டுக்கொடுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். நானும் வேனுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்து, புகைக்குழாயின் நடுவில் சத்தம் வந்த தகர டப்பா ஒன்றைக் கண்டு, அதை ஒட்டிய குழாயில் பனியன் வேஸ்ட்டைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். சத்தம் பாதி குறைந்தது போல எனக்குத் தோன்றியது. பின் சீட்டுக்குக் கீழே தரைத் தகடு துருப்பிடித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டையாகியிருந்தது. அதன் மேலும் வேஸ்ட் துணியில் தைத்த மிதியடி ஒன்றைப் போட்டு மூடினேன். வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

அதே சமயத்தில்தான் பெண்கள் தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதிகமாகச் சொன்னது கடைசி சீட்டுக்காரி. அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். காடு கழனியில் வேலை செய்துகொண்டிருந்தவள், மழை பொய்த்த வருடம் பனியன் வேலைக்கு வந்தாள். எங்கள் வேனில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஏறுபவர் கடைசி சீட்டுக்குப் போய்விட வேண்டும், கடைசியாக ஏறுபவருக்கு என் பக்கத்து சீட். அவள் ஊர்தான் முதல் ஊர். அதனால் தினமும் ஒரு மணி நேரம் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து வருவாள். மழைக்கும் குளிருக்கும் பயந்து கண்ணாடி எல்லாம் மூடியிருக்கும்.

வந்து இறங்கியதும் ஆள் ஒரு மாதிரி இருப்பாள். காலையில் முதல் இரண்டு மணி நேரம் அவள் மேசையில் பார்த்த பீஸ்களில் ஓட்டை அப்படியே தாண்டிப் போகும். கேட்டால் தலை கிறுகிறுக்கிறது என்பாள். மத்தியானத்துக்கு மேல் ஒழுங்காகப் பார்ப்பாள். இது போதாதா எனக்கு? ராத்திரி முழுக்க டிவி பார்த்துவிட்டு காலையில் என் மேசையில் தூங்குகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அதை எல்லார் எதிரிலும் சொல்லவும் செய்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பீஸை எடுத்தாள்.

கார்த்திகையில் கம்பெனியிலிருந்து ஒரு முழு லாட் திரும்பி வந்தது. ஓட்டை பீஸ்கள். பெட்டியில் ஒட்டியிருந்த துண்டுத்தாளைப் பார்த்தால் அவள் மேசை எண். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மார்கழியோடு நின்றுகொள் என்று சொல்லிவிட்டேன். அன்று சாயந்திரமும் அதே கடைசி சீட்டில் உட்கார்ந்துதான் வீட்டுக்குப் போனாள்.

மார்கழி பிறந்த வாரம், பெருமாநல்லூர் பக்கம் ஒரு மேட்டில் வேன் நின்றேவிட்டது. அரை மணி நேரம் ஆறிய பிறகு மறுபடி கிளம்பியது. பெண்களை யூனிட்டில் இறக்கிவிட்டு ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கினேன். முதல் இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அந்த டப்பாவின் பெயர் கேட்டலிடிக் கன்வர்ட்டர், புகையில் உள்ள விஷத்தைக் குறைப்பதற்காக வைத்தது, உள்ளே தேனடை மாதிரி இருக்கும், அது உடைந்து அடைத்துக்கொண்டது. அறுத்து, உள்ளே இருப்பதைத் தட்டிக் கொட்டிவிட்டுக் காலி டப்பாவை வெல்டு வைத்தால் வண்டி பறக்கும், அரை நாள் வேலை. புது டப்பா விலையைக் கேட்டதும் எனக்கும் காலி டப்பாவே சிலாக்கியமாகப் பட்டது.

மூன்றாவது பட்டறைக்குப் போனது, வெல்டிங் அங்கே சுத்தமாக இருக்கும் என்று யாரோ சொன்னதால். அங்கே இருந்த மெக்கானிக் முப்பது வயதுக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து தகரக் கொட்டகை போட்டிருந்தார். சுவரில் ஒரு மாதா படம், அதற்குக் கீழே ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்கின. அவர் உடனே வண்டிக்கு அடியில் போகவில்லை. இஞ்சினை ஓடவிட்டு, பின் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவர் கேட்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"அக்கா, ஓட்டுதவங்களுக்கு வண்டி எப்பவும் நல்லாத்தான் இருக்கும். கடைசி சீட்டுல உக்காருதது யாரு?"

நான் சொன்னேன். தலைவலிக்காரி, இந்த மாதத்தோடு நிற்கப் போகிறவள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் மறுநாள் காலையில் முதல் ஊருக்கே வந்து ஏறுவதாகச் சொன்னார். ஒரு டப்பா வெல்டு வைக்க இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன்.

சொன்னபடியே விடியற்காலையில் டிவிஎஸ்-ஐ டீக்கடையில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கடைசி சீட்டுக்காரியை முன்னால் என் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் கடைசி சீட்டுக்குப் போனார். கண்ணாடி எல்லாம் தினமும் போலவே மூடியிருக்கட்டும் என்றார். மூன்று ஊர் தாண்டியதும் எனக்கு மேலே இருந்த பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தால் ஆள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். மெக்கானிக் தூங்கத்தான் வந்திருக்கிறார் போல என்று நான் கிண்டல் செய்ததற்குப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான்காவது ஊரில் அவரே எழுந்து எல்லாக் கண்ணாடியையும் திறந்துவிட்டார். குளிர் காற்று உள்ளே பாய்ந்தது. ஏன் தம்பி என்றேன், அவர் தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

யூனிட்டில் இறங்கியதும் நேராகக் குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தார். முகம் கழுவிக்கொண்டு திண்டில் உட்கார்ந்தவரால் கொஞ்ச நேரம் எழ முடியவில்லை.

அதற்குள் உள்ளே சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டாள். கடைசி சீட்டுக்காரி அன்றைக்குத்தான் முதல் தடவையாக முன் சீட்டில் வந்திருந்தாள். வேலை ஆரம்பித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கழுத்துத் தையலை ஒட்டி ஊசி குத்திய ஓட்டை, கடுகை விடச் சின்னது, அப்படி ஒரே கட்டுக்குள் ஒன்பது பீஸ் எடுத்து வைத்திருந்தாள். பக்கத்து மேசையில் முந்தின நாள் சரி பார்த்து வைத்த கட்டு அது. என் கண்ணுக்கே விளக்கடியில் பிடித்துப் பார்த்தால்தான் தெரிந்தது.

நான் அந்த ஓட்டையைப் பார்த்தேன். ஜன்னல் வழியாகக் குழாயடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். அவள் கிறுகிறுப்புக்குக் காரணம் ராத்திரி டிவி இல்லை, என் வேன்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்து சொல்ல மனம் வரவில்லை.

பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி அவர் முதலில் உருவி எடுத்தது நான் கட்டிய பனியன் வேஸ்ட்டைத்தான். கருகிப் போய், தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பெட்ரோல் வண்டிக்கு அடியில், அந்தச் சூட்டில், பருத்தித் துணி. இத்தனை நாள் மழைத் தண்ணீர் தெறித்து ஈரமாகவே இருந்ததால்தான் பற்றிக்கொள்ளாமல் இருந்திருக்கிறது என்றார். யார் கட்டியது என்று கேட்கவில்லை. என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும்.

டப்பாவைக் கழற்றிக் குலுக்கினார். அதே கூழாங்கல் சத்தம். உள்ளே தேனடை உருகி, உடைந்து, வழியை அடைத்திருந்தது. வெளியே போக வழியில்லாத புகை முட்டி முட்டி, டப்பாவுக்கு முன்னால் இணைப்பில் புகை கசியாமல் அடைத்திருந்த கேஸ்கெட்டைப் பிய்த்துக்கொண்டு, நான் மிதியடி போட்டு மூடிய ஓட்டை வழியாகக் கடைசி சீட்டுக்கு ஏறியிருக்கிறது. நாற்றம் வருகிற புகைக்காவது எச்சரிக்கையாக இருக்கலாம், நாற்றமே இல்லாத ஒன்று அதோடு சேர்ந்து வருகிறது, அதுதான் ஆளைக் கிறங்கடிக்கும் என்று விளக்கினார்.

அப்போதும் நான் விடவில்லை. கேஸ்கெட்டை மாற்றி, தரையை அடைத்துவிட்டு, டப்பாவைக் காலியாகவே மாட்டிவிடலாமே என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"மாட்டலாம்க்கா. வண்டி நல்லா இழுக்கும். ஒங்களுக்கும் சந்தோசமா இருக்கும். ஆனா அந்த சீட்டுல ஒரு மணி நேரம் நான் உக்காந்துட்டேன்லா, இனி என்னால அதச் செய்ய முடியாது."

குரல் உயரவில்லை. கையில் இருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், அவ்வளவுதான்.

புது டப்பா கோயம்புத்தூரிலிருந்து வர மூன்று நாள் ஆனது. அதுவரை வண்டியைத் தர மறுத்துவிட்டார். பெண்கள் டவுன் பஸ்ஸில் நேரம் தப்பி வந்தார்கள். சண்டை போடலாம் என்றுதான் இரண்டாம் நாள் பட்டறைக்குப் போனேன். போன இடத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தவள் சாயந்திரம் வரை எழுந்திருக்கவில்லை.

டப்பா வந்ததும் மாட்டிவிடலாம் என்று அவர் காத்துக்கொண்டிருக்கவில்லை. பழையது ஏன் உருகியது என்று தேடிக்கொண்டிருந்தார். மூன்று சிலிண்டரில் ஒன்றுக்குப் போகும் பிளக் ஒயர் செத்துப்போய், பொறி விழாததால் எரியாத பெட்ரோல் அப்படியே டப்பாவுக்குள் போய் எரிந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் சில மாதத்தில் அதுவும் உருகும் என்றார். துருவேறிய நட்டுகளை முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தார். அதில் ஒன்றையும் உடைக்கவில்லை. சூடு காட்டுவார், தட்டுவார், கால் சுற்றுத் திருப்புவார், மறுபடி எண்ணெய் விடுவார். அவசரக்காரியான எனக்கே அவசரம் மறந்துபோனது. ஒரு நல்ல டெய்லர் கழுத்து வளைவைத் திருப்பும்போது நாம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்போமே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைவேலையில் இவ்வளவு பொறுமையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

புது டப்பாவை மாட்டி இஞ்சினை ஓடவிட்டதும் என்னிடம் வெள்ளைப் பனியன் வேஸ்ட் கொஞ்சம் கேட்டார். எதைக் கட்ட என்று எனக்குப் பதறியது. அவர் ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் அந்த வெள்ளைத் துணியைச் சில நிமிடம் பிடித்தார். பிறகு வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். எந்தத் துணியிலும் கரி இல்லை. நான் உண்மையை மூடி மறைக்கக் கட்டிய அதே துணியை அவர் உண்மை தெரிவதற்காகப் பிடித்தார்.

தரையில் புதுத் தகடு வைத்து வெல்டு செய்த பிறகும் சாவியைக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை மறுபடியும் முதல் ஊரில் ஏறி, கடைசி சீட்டில், கண்ணாடி எல்லாம் மூடி, யூனிட் வரை வந்தார். இறங்கி ஒரு டீ குடித்தார். அதற்குப் பிறகுதான் கூலியைப் பற்றிப் பேசினார். தான் இரண்டு நாள் காலையில் உட்கார்ந்து வந்ததற்கு அதில் எதுவும் சேர்க்கவில்லை.

அன்று மத்தியானம் நான் கடைசி சீட்டுக்காரியின் மேசைக்குப் போனேன். எல்லார் எதிரிலும் திட்டியதை எல்லார் எதிரிலும்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். தப்பு என்னுடையது, வண்டியுடையது, நீ நிற்க வேண்டாம், என்னை மன்னித்துக்கொள் கண்ணு என்றேன். திட்டுவாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையில் இருந்த பனியனை மடித்து வைத்தாள்.

"வேன்லதான் அப்புடி ஆகுதுன்னு எனக்கே தெரியலீங்கக்கா. நீங்க சொன்னதுமு, எனக்கு இந்த வேலைக்குப் புத்தி பத்தலைன்னு நானே நெனச்சுப்போட்டனுங்க. ஊட்லயும் அப்புடித்தானுங்க சொல்லி வெச்சேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு மாதம் அவள் புகையை மட்டும் சுவாசிக்கவில்லை, என் பேச்சையும் சேர்த்துச் சுவாசித்திருக்கிறாள். நான் குழாயடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

அவள் அதற்குப் பிறகு எட்டு வருடம் என்னிடம் இருந்தாள். கடைசி இரண்டு வருடம் அவள்தான் சூப்பர்வைசர். அவள் கையெழுத்துப் போட்ட பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த மெக்கானிக் பிறகு பெரிய இடத்துக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். போகட்டும், போக வேண்டியவர்தான்.

இப்போது ஆட்களைக் கூட்டிவர இரண்டு பஸ் ஓடுகிறது. வாரத்தில் ஒரு நாள் காலை நானும் முதல் ஊரில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். இன்றைக்கும் யாராவது தலை வலிக்கிறது, வேலை ஓடவில்லை என்று என் முன்னால் வந்து நின்றால், நாக்கு நுனி வரை வருகிற சொல்லை விழுங்கிவிட்டு நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நீ எந்த சீட்ல வந்தே கண்ணு?"