சொல்லாமல் விட்ட காரணம்

"கதையிலை ஒருத்தரும் காரணமில்லாமல் வீட்டுப் படலையைத் தாண்டமாட்டினம்" என்று பதினோராம் வகுப்புக்குப் படிப்பித்தேன். "காரணம் இல்லையெண்டால் கதைசொல்லி ஒளிக்கிறார். ஆருக்கு ஒளிக்கிறார் எண்டு தேடுங்கோ."

எந்தக் கதைக்கும் 'தாய்ப்பாசம்' என்று ஒரே சொல்லில் விடை எழுதிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்க்கிற கூட்டம், அன்று மணி அடித்தும் எழும்பவில்லை. எனக்குத் தலைகால் தெரியாத புளுகம்; சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை, ஒரு மாணவியின் தாய் வகுப்பு வாசலில் நின்றார். கண்டாவளையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"என்ன ரீச்சர் படிப்பிச்சனீங்கள் என்ரை பிள்ளைக்கு? நேற்றையிலிருந்து என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறாள் இல்லை."

அவருடைய கணவர் சண்டையின் கடைசி நாட்களில் காணாமற்போனவர். மகள் அப்போது கைக்குழந்தை. தாய் சொல்லும் ஒரே கதைதான் அவளுக்குத் தெரிந்த அப்பா: பங்கருக்குள் இருந்தோம், 'போட்டு வாறன்' என்று வெளியே போனார், வரவில்லை. நெற்றிப் பொட்டை அந்தத் தாய் இன்றுவரை அழிக்கவில்லை.

"அவ்வளவு செல்லடிக்குள்ளை அப்பா ஏன் வெளியிலை போனவர் எண்டு கேக்கிறாள். சும்மா போனவர் எண்டன். 'சும்மா ஒருத்தரும் போகமாட்டினம், ரீச்சர் சொன்னவா' எண்டாள்."

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டேனே! புத்தகத்துக்குக் கொடுத்த கேள்வியை இவள் வீட்டுக் குசினிக்குள் கொண்டுபோய்விட்டாள்.

"பால்மா முடிஞ்சுபோச்சு, ரீச்சர்." தாயின் குரல் இறங்கிவிட்டது. "பிள்ளை பசியிலை கத்தினது. நான்தான் அவரைப் போகச் சொன்னனான். இதை எப்பிடிச் சொல்லுறது? தன்னாலைதான் அப்பா போனவர் எண்டு நினைச்சுப்போடும். உந்தக் கேள்வியை விடச் சொல்லுங்கோ."

ஓம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

அந்த நேரம் பார்த்து மகள் வந்தாள். தாயைக் கண்டதும் அப்படியே நின்றாள். "பிள்ளை, கதை வேறை, வீடு வேறை" என்று தொடங்கினேன். எனக்கே அது பொய்யாகக் கேட்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அம்மா, நான் நல்லா யோசிச்சனான். உந்தக் கதையை நீங்கள் எனக்கு மட்டும்தான் சொல்லுறனீங்கள். அப்ப எனக்குத்தான் ஒளிக்கிறியள். எனக்கு ஒளிக்கிறதெண்டால் காரணம் நான்தான்."

தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் கிட்டப் போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"எனக்கு என்ன வாங்கப் போனவர், அம்மா?"