குளித்தாலும் போகாத மரிக்கொழுந்து

கொள்ளேகால் பேருந்து நிலையக் குழாயடியில் நின்று, அரை எலுமிச்சம்பழத்தை வைத்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பெண் ஒருத்தியைப் பார்த்தால், அவள் மைசூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள் என்று யாருக்கும் தோன்றாது. ஒருமுறை பாட்டிலில் தண்ணீர் பிடிக்க நின்ற பெரியவர், "கையில என்னம்மா, சாயமா?" என்று கேட்டார். வாசனை என்று சொன்னேன். அவர் ஓர் எட்டு தள்ளி நின்றுகொண்டார்.

எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். ஹனூர்ப் பக்கம் மல்பெரித் தோட்டம், தோட்டத்து ஓரத்தில் புழுமனை என்று நாங்கள் சொல்லும் நீளக் கொட்டகை, அதை ஒட்டி வீடு. புழுவுக்கு வாசனை ஆகாது. பட்டால் தழையைத் தொடாமல் தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கும் என்பார்கள். அதனால் புழு இருக்கும் நாட்களில் வீட்டில் பவுடர் கிடையாது, பூ கிடையாது, ஊதுபத்தி கிடையாது. மிளகாய் வறுப்பதென்றால் அம்மா அடுப்பையே தோட்டத்தின் மறுகோடிக்குத் தூக்கிக்கொண்டு போவாள். புழு இல்லாத நாட்கள் என்று வருடத்தில் இருப்பதே கொஞ்சம். ஒரு கூட்டம் கூடு கட்டி முடித்ததும் கொட்டகையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக் காயவைத்துவிட்டு அடுத்த கூட்டத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு வெறுந்தலையோடு போனவள். பக்கத்தில் உட்கார்ந்த பெண்களின் மல்லிகையை அவர்களுக்குத் தெரியாமல் மோந்து பார்த்தவள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. மைசூருக்கு வந்து, வேலை கிடைத்து, தோழி ஒருத்தியோடு அறை எடுத்துத் தங்கியபோது ஒன்று முடிவு செய்தேன். என் மேல் என்ன வாசனை வர வேண்டும் என்பதை இனி நான் தீர்மானிப்பேன். அதற்காக என் வீட்டு வாசலிலேயே என்னை யாரும் நிறுத்திவைக்கவும் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பது அப்படி ஒன்றும் பேராசை இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மண்டி மொஹல்லாவில் இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து ஒன்றில் அந்த அத்தர்க் கடை இருக்கிறது. கடைக்காரரே எண்ணெய்களைக் கலந்து, கண்ணாடி மூடி போட்ட குப்பிகளில் அடுக்கிவைத்திருப்பார். கண்ணாடிக் குச்சியால் தொட்டுப் புறங்கையில் ஒரு கோடு இழுப்பார். கன்னடமும் தமிழும் உருதுவும் ஒரே வாக்கியத்தில் வரும். பேச்சை நிறுத்த மாட்டார்.

முதலில் சந்தனம். மைசூரில் இருந்துகொண்டு வேறு எதில் தொடங்குவது. பூசியபோது பால் காய்ச்சிய மாதிரி மெத்தென்று இருந்தது. நாள் முழுவதும் யாரோ என் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அறைத்தோழி கதவைத் திறந்ததுமே, "என்னடி, கோயில்லேர்ந்து நேரா வரியா? தீர்த்தம் எங்க?" என்றாள். அவள் மேலுகோட்டை வேர் உள்ள ஐயங்கார் குடும்பம். நானும் அவளும் பேசுவது தமிழ்தான், ஆனால் ஒருத்தி தமிழ் இன்னொருத்திக்குச் சிரிப்பு.

அடுத்து ரோஜா. குப்பியில் ரோஜாவாக இருந்தது என் கழுத்தில் ஏறியதும் வெற்றிலைக்குள் வைக்கும் குல்கந்து ஆகிவிட்டது. மல்லிகை மதியத்துக்கு மேல் கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து தரையில் மிதிபட்டுக் கிடக்கும் பூ மாதிரி வாடை அடித்தது. தாழம்பூவைப் பூசிக்கொண்டு போன அன்று ஆசிரியர் அறையில் இரண்டு பேர் பிரியாணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்: பிரியாணியில் தெளிப்பதும் இதே தாழம்பூ நீர்தான். அகர் கட்டை எண்ணெய் போட்ட நாளில், ஆய்வகத்தில் ஏதோ கசிகிறது என்று மாணவிகள் ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள்.

மண்வாசனை என்று ஒன்று தந்தார். சுட்ட மண்ணைச் சந்தன எண்ணெயில் வடித்து எடுப்பதாம். உண்மையில் அது அற்புதமான எண்ணெய். முதல் மழை அப்படியே வருகிறது. ஆனால் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிவிட்டுப் பேருந்து ஏறித்தான் நான் இந்த ஊருக்கு வந்தேன். அதை விலைக்கு வாங்கிக் கையில் தடவிக்கொள்ள எனக்கு என்ன தலையெழுத்து என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வெட்டிவேர் ஒன்றுதான் என் மேல் நன்றாக இருந்தது. ஈரமும் பச்சையுமாக, வெயிலில் நடந்தாலும் நிழலில் நடப்பதுபோல இருக்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா வேலிப் படலைத் திறப்பதற்கு முன்பே மூக்கைத் தூக்கினாள்.

"அங்கயே நில்லு. என்னத்தெப் பூசியிருக்கறெ?"

"நேத்து போட்டதும்மா. குளிச்சுட்டேன்."

"குளிச்சும் இப்பிடி வருதா? அப்ப நீ குளிக்கவே இல்லெ. அக்கட்டால போ, போயி மோட்டார் ரூம்புல உக்காரு. சோறு அங்க வருது."

இரண்டு நாளும் எனக்குச் சோறு மோட்டார் அறைக்குத்தான் வந்தது. மாணவர்களின் விடைத்தாள்களைத் தண்ணீர்க் குழாய்மேல் பரப்பிவைத்துத் திருத்தினேன். எந்த எண்ணெய் எவ்வளவு நேரத்தில் ஆவியாகும் என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவள் நான். அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாமல் என் தோலில் உட்கார்ந்திருந்தது ஒரு சொட்டு வெட்டிவேர். ஊருக்குக் கிளம்புமுன் ஆய்வகத்து எத்தனாலைக் கொண்டு துடைத்தும் பார்த்திருந்தேன். வாசனை கையிலிருந்து முழங்கைக்குப் போனது.

மைசூருக்குத் திரும்பியதும் நேராகக் கடைக்குப் போய், சீக்கிரம் போய்விடுகிற எண்ணெய் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் குச்சியைக் கீழே வைத்தார்.

"இங்க வர்றவங்க எல்லாம் எத்தனை நாள் நிக்கும்னு கேப்பாங்க மேடம். நீங்க ஒருத்தர்தான் எப்ப போகும்னு கேக்கறீங்க. காலி பண்ணுன்னு சொல்றதுக்கு இது என்ன வாடகைக்கா வந்திருக்கு?"

"எங்க வீட்டுல புழு வளர்க்கறாங்க. வாசனை ஆகாது."

"புழுவுக்காகவா? பட்டுச் சேலை கட்டினா எல்லாரும் அத்தர் போடறாங்க, பட்டுப் புழுவுக்கு மட்டும் ஆகாதா?" அவருக்கே அது பிடித்துப்போய்ச் சிரித்தார். பிறகு ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். "மரிக்கொழுந்து. இது ஒவ்வொரு ஒடம்புலயும் ஒவ்வொரு மாதிரி வரும். உங்க மேல பழம் மாதிரி வரும், பாருங்க. காலைல போட்டா சாயங்காலம் இருக்காது. கியாரண்டி."

என் மேல் பழம் வரவில்லை. நாட்டு மருந்துக் கடையில் நாள்பட்ட இழுப்பறையைத் திறந்தால் வரும் வாசனைதான் வந்தது. காய்ந்த இலை, கசாயம், கொஞ்சம் துரு. "ஜுரமாடி?" என்று தோழி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் விடவில்லை. பழம் வரும் என்று சொன்னாரே, வரட்டும் என்று தினமும் போட்டேன். சாயங்காலம் இருக்காது என்ற மரிக்கொழுந்து சாயங்காலமும் இருந்தது, மறுநாள் குளித்த பிறகும் இருந்தது. இரண்டு வாக்குறுதியும் பொய். இருந்தும் அந்தக் குப்பியை மூடி உள்ளே வைக்க மனம் வரவில்லை. அது என் பிடிவாதம், அதற்கு மருந்து கிடையாது.

அப்படி ஒரு வாரநாள் காலையில்தான் அம்மாவின் அழைப்பு வந்தது. புழு எதிர்பார்த்ததற்கு முந்தியே பழுத்துவிட்டது. வருவதாகச் சொன்ன பெண்கள் வேறொரு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். "கை பத்தலெ கண்ணு, பொறப்பட்டு வா" என்றாள். என் அம்மா இப்படிக் கூப்பிடுகிறவள் இல்லை.

பழுத்த புழு என்றால், தின்று முடித்துத் தேன் நிறத்தில் உடம்பு பளபளக்க, நூல் விட இடம் தேடித் தலையை ஆட்டுகிற புழு. அந்தச் சமயத்தில் ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டில் விட வேண்டும். தாமதித்தால் தழைக் குப்பையிலும் எச்சத்திலுமே கூடு கட்டிவிடும். கறைபட்ட கூட்டை எவரும் வாங்க மாட்டார்கள். ஒரு கூட்டத்தின் முழு உழைப்பும் அந்த ஒரு நாளில் தங்கும் அல்லது போகும்.

கல்லூரியில் சொல்லிவிட்டு ஓடினேன். பேருந்து நரசிப்புரம் தாண்டிய பிறகுதான் என் கையை நானே மோந்து பார்த்தேன். கொள்ளேகாலில் எலுமிச்சம்பழம், அடுத்த பேருந்தில் சன்னலுக்கு வெளியே நீட்டிய கை, ஊர் நிறுத்தத்தில் கடைக்காரியிடம் கேட்டு வாங்கிய கடலைமாவு. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் மேல் எலுமிச்சையும் கடலைமாவும் அவற்றுக்கு மேலே மரிக்கொழுந்தும் இருந்தன.

அம்மா புழுமனை வாசலில் நின்றாள். நெற்றி முழுக்க வியர்வை. என் கையைப் பிடித்து மோந்தாள். கையை விட்டாள்.

"போகலைம்மா. என்னென்னமோ பண்ணிட்டேன்."

"பண்ணியிருப்பெ. படிச்ச புள்ளெ."

அப்போது சித்தப்பா கூடையோடு என்னைத் தாண்டி உள்ளே போனார். இரண்டு முழங்காலுக்கும் அவர் தலைவலித் தைலத்தை அப்பிக்கொண்டு திரிவது ஊருக்கே தெரியும். கற்பூரமும் புதினாவும் அவருக்கு முன்னால் நடந்துபோகும், அவர் பின்னால் போவார். அந்த நெடியில் எனக்குக் கண் கரித்தது.

"சித்தப்பா உள்ளெ போறாரே?"

"அவருக்கு முட்டி வலி."

"அந்த வாசனை புழுவுக்கு ஆகுமா?"

"அது மருந்து. இது சோக்கு."

புழுவுக்கு மூக்கு என்று ஒன்று இருந்தால் அதற்கு மருந்து எது, சோக்கு எது என்று எப்படித் தெரியும்? இத்தனை மாதங்கள் எலுமிச்சம்பழத்தோடு நான் பட்ட பாடு புழுவுக்காகவா, வேறு எதற்காகவா? வாயைத் திறந்து இதையெல்லாம் கேட்டும்விட்டேன். உள்ளேயிருந்து அப்பா, "புழு நூல் உட ஆரம்பிச்சுருச்சு. அவளெ உள்ளெ வரச் சொல்லு, இல்லெ நீயாச்சும் வா" என்று கத்தினார்.

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள், ஒரு கணம் உள்ளே பார்த்தாள். பிறகு, "உங்க தைலத்தெக் கொண்டாங்க" என்று சித்தப்பாவைக் கூப்பிட்டாள். டப்பாவைத் திறந்து, விரலால் வழித்து, என் இரண்டு மணிக்கட்டிலும் கழுத்திலும் அழுத்தித் தேய்த்தாள். தோல் எரிந்தது. மறுபடி மோந்து பார்த்தாள்.

"இப்ப மருந்து வாசம்தான் வருது. உள்ளெ வா."

ஒரு வாசனையின் மேல் இன்னொன்றைப் பூசினால் முதல் வாசனை இல்லாமல் போவதில்லை. முதல் வருட மாணவிகூட இதைச் சொல்வாள். சொல்ல நேரம் இல்லை. அம்மா மட்டும் சோப்புப் போட்டு விரலைக் கழுவிக்கொண்டாள். உள்ளே போனேன். சாயங்காலம் வரைக்கும் நான்கு பேரும் குனிந்து பொறுக்கினோம். என் விரல்களிலிருந்து இறங்கிய புழு எதுவும் தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கவில்லை. தட்டில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கண்டுகொள்ளாமல் நூல் விடத் தொடங்கியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

புழு எல்லாம் தட்டில் ஏறி முடிந்ததும் கொட்டகைக்கு வெளியே வந்து உட்கார்ந்தோம். அம்மா என் பக்கத்தில் அமர்ந்து வியர்வையைத் துடைத்தாள். அவள் கை என் முகத்தருகே வந்தபோது எங்கிருந்தோ ஒரு வாசனை வந்தது. கனிந்த பழம். சப்போட்டாவா, பிளம்ஸா என்று சொல்ல முடியாத, தேன் கட்டிய ஒரு இனிப்பு. தோட்டத்தில் அப்படிப் பழம் எதுவும் இல்லை. அம்மாவின் விரல்களைப் பிடித்து மோந்தேன். என் மணிக்கட்டைத் தேய்த்தபோது ஒட்டியது. தைலம் சோப்பில் போய்விட்டிருந்தது. மரிக்கொழுந்து போகவில்லை.

இத்தனை வாரங்களாக நான் தினமும் பூசி, தினமும் ஏமாந்த பழம், பவுடர்கூடப் போடாத என் அம்மாவின் கையில் முதல் தடவையே வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கடைக்காரரின் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது.

"எதுக்கு மொறைக்கறெ?" என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் விரலை மூக்கருகே கொண்டுபோனாள். சீக்கிரம் எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"இது எத்தனெ நாளு நிக்கும்?"

"எனக்கு ரெண்டு நாளாவது நிக்குது. உனக்கு எத்தனை நாள்னு தெரியல."

"கூடு பிரிக்கறதுக்குள்ளெ போயிருமா?"

"போயிரும்."

அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைக்கப் போனாள். அந்தக் கையை விட்டுவிட்டு மற்றக் கையைத் துடைத்தாள்.

"இந்தக் கூட்டெ வித்துட்டு, கொட்டாயக் கழுவி, அடுத்த புழு வர்றதுக்கு இன்னும் நாளிருக்குதே" என்றாள், என்னைப் பார்க்காமல்.