மூடியக்காவின் வலது கை

இருமல் மருந்து அடைக்கும் அந்தத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாக அவள் மூடியக்காதான். பெல்ட்டில் நகர்ந்து வரும் பாட்டில்களுக்கு மெஷின் மூடியைத் திருகிவிடும். நூற்றுக்கு ஒன்றை எடுத்துக் கையால் திறந்து பார்த்து, இறுக்கம் சரியா இல்லையா என்று சொல்வது அவள் வேலை. அளப்பதற்கென்று ஒரு கருவி இருந்தது. அது கெட்டுப்போய் நாலு வருஷம் ஆகிறது. ரிப்பேருக்கு அனுப்பவும் என்று எழுதி அதன்மேல் ஒட்டிய சீட்டும் பழுப்பேறிவிட்டது. "அக்கா கை இருக்கும்போது அது எதுக்கு?" என்பார் மேனேஜர். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

மருந்து சிந்தாமல் காப்பது மூடியின் திருகு மரைதான் என்று பலரும் நினைக்கிறார்கள். மரை மூடியைக் கீழே இழுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். மூடிக்கு உள்ளே மெத்தென்று ஒரு வெள்ளை வாஷர் இருக்கிறது. அது பாட்டிலின் வாய் விளிம்பில் அமுங்கி உட்கார்ந்தால்தான் அடைப்பு. அமுக்கம் குறைந்தால் பாட்டில் சாய்ந்ததும் கசியும். கூடினால் விளிம்பு வாஷரை வெட்டிவிடும், அப்போதும் கசியும். போதாததற்கு நோயாளியால் திறக்கவும் முடியாது. நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடத்தை அவள் மணிக்கட்டு அறிந்து வைத்திருந்தது.

மெஷினை ஓட்டியவன் அவளைவிட இருபது வயது இளையவன், சரியான வாயாடி.

"அக்கா, வீட்ல மாமா கழுத்தைத் திருக முடியாத கோபத்தை எல்லாம் இங்க காட்டுறீங்களா?"

"உன் வாய்க்கு ஒரு மூடி போடணும்டா. எத்தனை சுத்து சுத்தினாலும் நிக்காது."

அந்த வருஷம் அவளுக்குத் திறக்கிற பாட்டில் எல்லாம் இறுக்கமாகவே இருந்தது. "கொஞ்சம் குறைடா" என்பாள். குறைப்பான். இரண்டு வாரம் கழித்து, "இன்னும் கொஞ்சம்." அதற்கும் குறைப்பான். ஏன், எதற்கு என்று அவன் கேட்டதில்லை. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பிறகு இரண்டு லாரிச் சரக்கு திரும்பி வந்தது. அட்டைப்பெட்டியெல்லாம் பிசுபிசுத்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. மெஷினைத் திறந்து பார்த்தவர்கள், இறுக்கத்தைப் பாதிக்கு மேல் குறைத்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

"அக்கா சொன்னாங்க, குறைச்சேன்" என்றான்.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். அவள் மனசறிந்து பொய் சொல்லவில்லை. "ரொம்ப இறுகினா குறைக்கச் சொல்வேன் சார். இந்த அளவுக்கு நான் சொல்லல" என்றாள். அன்று மதியமே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் பேசாமல் போய் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் எண்ணெய் பாட்டிலோடு மல்லுக்கட்டிவிட்டு மருமகளிடம் நீட்டினாள். "இந்தக் கம்பெனிக்காரனுக்கு அறிவே இல்ல. எப்படி இறுக்கி வச்சிருக்கான் பாரு."

மருமகள் இரண்டு விரலால் திறந்தாள். "லூசாத்தானே அத்தை இருக்கு. ஆறேழு மாசமா எல்லா பாட்டிலையும் என்கிட்டதானே குடுக்குறீங்க. கை வலிக்குதோ என்னவோன்னு நானும் கேக்கல."

மூடியக்கா தன் கணவருக்காக வாங்கி, இன்னும் திறக்காமல் வைத்திருந்த இருமல் மருந்து பாட்டிலை எடுத்தாள். அவர்கள் தொழிற்சாலைச் சரக்குதான், போன மாதத்தது. வலது கையால் லேசாகத் திருகிப் பார்த்தாள். சரியான இறுக்கம் என்றுதான் பட்டது. இடது கைக்கு மாற்றினாள். தொட்டதுமே கழன்று வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பையனை எப்படியாவது திரும்ப வேலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

திங்கள்கிழமை காலை முதல் வேலையாக மேனேஜர் அறைக்குப் போனாள். மேஜைமேல் புதிய அளவுக்கருவி பெட்டியோடு இருந்தது.

"தப்பு என் கைல சார். அவன் நான் சொன்னதைத்தான் செஞ்சான்."

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "அறிக்கை மேல போயாச்சும்மா. அவன் இடத்துக்கு ஆளும் வந்தாச்சு. நாலு வருஷமா கருவியே இல்லாம ஓட்டினோம்னு இப்ப நான் எழுத முடியுமா? உங்களை நான் லேபிள் செக்ஷனுக்கு மாத்திடறேன். கை போனா என்ன, கண்ணு இருக்குல்ல."

"அவனுக்குக் கைக்குழந்தை சார்."

"எனக்கும் மேல ஆள் இருக்கும்மா."

ஷிப்ட் முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள், எண்ணெய் பாட்டில் முதற்கொண்டு. அவன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டான்.

"எனக்குச் சந்தேகம் இருந்ததுக்கா. கைக்கே தெரிஞ்சுது, லூசா இருக்குன்னு. அக்காவையே சோதிக்கிறதான்னு விட்டுட்டேன்." குழந்தையை மறு தோளுக்கு மாற்றினான். "அங்க சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன்பா. ஆள் போட்டாச்சாம்."

"உங்களை?"

"லேபிளுக்கு மாத்திட்டாங்க."

அவன் தலையாட்டினான். கோபப்படுவான், நாலு வார்த்தை கேட்பான், வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்திருந்தாள்.

"அப்ப என்கிட்ட இதை எதுக்குக்கா சொன்னீங்க? இதுவரைக்கும் மெஷினே தானா தளர்ந்துடுச்சுன்னு நினைச்சு அதும்மேல கோபமா இருந்தேன். அது சுலபமா இருந்துது."

குழந்தை அழ ஆரம்பித்தது. அவன் உள்ளே போனான். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. அவள் படியிறங்கினாள். காலையில் ஏழு மணிக்கு லேபிள் செக்ஷனில் இருக்க வேண்டும்.