நாயோடு வந்த ஆள்

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று சொல்லாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. அவர்கள் பார்த்ததெல்லாம் சில்லறைக் கோபம். மெழுகு உருகவில்லை என்றால் அடுப்பைத் திட்டுவாள். மின்விசிறி கிறீச்சிட்டால் அதன் பரம்பரையையே இழுப்பாள். இதெல்லாம் வந்த வேகத்தில் போய்விடும். பெரிய கோபம் என்று ஒன்று அவள் அடிவயிற்றில் வருஷக்கணக்காகக் கிடந்தது. அதை யாரும் பார்த்ததில்லை. சொல்லப்போனால் அவளே பார்த்ததில்லை.

அவள் தொழில் பல்செட் செய்வது. ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் பின்னறை அவளுடையது. முன்னறையில் டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அதில் சாந்து ஊற்றி, காய்ந்ததும் உடைத்தெடுத்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாக நட்டு, வேகவைத்து எடுத்ததைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பாள். அந்த வட்டாரத்தில் பாதிப் பெரியவர்கள் சிரிப்பது அவள் கைவண்ணம். அதனால் பெயர் பல்லக்கா. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது ஆரம்பித்தால், கேட்டவரின் வாயையே உற்றுப் பார்த்து, "உங்க கடைவாய்ப்பல் ஆடுது, கவனிச்சீங்களா?" என்பாள். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

சொந்தம் என்று அவளுக்கு ஒரு தம்பி. அம்மா போனபோது அவன் சட்டைப் பொத்தானைக்கூடத் தானாகப் போடத் தெரியாத பையன். குளிப்பாட்டி, தலைவாரி, கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடியவள் அவள்தான். இப்போது அவனுக்குப் பெரிய வேலை, மனைவி, ஒரு மகள், கார், பிறகு அந்த நாய்.

மகள் அழுதாள் என்று வாங்கிய நாய். குட்டியாக இருந்தவரை வீட்டில் ஆளுக்கு ஆள் மடியில் வைத்துக் கொஞ்சினார்கள். அது வளர்ந்து, சோபாவைக் கிழித்து, வாசல் கதவில் ஒன்றுக்குப் போனபிறகுதான் தம்பிக்குத் தன் அக்கா ஞாபகம் வந்தது.

"ரெண்டே நாள்க்கா. ஊருக்குப் போயிட்டு ஓடி வந்துடறோம். உனக்கும் தனியா இருக்கறதுக்கு ஒரு துணை மாதிரி இருக்கும்."

துணையாம்! கன்றுக்குட்டி கனத்தில் ஒரு துணை. மாடிப்படியில் இழுத்த இழுப்பில் அவள் முழங்கால் சிராய்த்துப்போனது. அந்த ரெண்டு நாள் ஒரு வாரமானது. அடுத்த விடுமுறைக்கு மறுபடி. அப்புறம் விடுமுறை, விருந்து, பரீட்சை, ஜுரம், வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று எதற்கெடுத்தாலும் நாய் மாடிப்படி ஏறியது. வருஷத்தில் பாதி நாள் அது அவளிடம்தான். ஆனால் யாராவது கேட்டால் தம்பி மனைவி, "எங்க பிரின்ஸ்" என்பாள். கைபேசியில் அதன் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டுவாள். எல்லாம் குளித்துத் துடைத்த படங்கள். குளிப்பாட்டியது யார் என்று படத்தில் தெரியாது அல்லவா.

பல்லக்கா அதை ஒருநாளும் பிரின்ஸ் என்று கூப்பிட்டதில்லை. தடியன் என்பாள். "டேய் தடியா, கல்லுளிமங்கா, எழுந்திரு" என்றால் எழுந்திருக்கும். பிரின்ஸ் என்றால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று படுத்துக்கொள்ளும்.

ஒருமுறை கிளினிக்குக்கும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டருக்குச் செய்து முடித்து மேஜையில் வைத்திருந்த கீழ்ச்செட்டைத் தடியன் எடுத்துக் கடித்து, ருசி பிடிக்காமல் துப்பிவிட்டது. அவருக்கு மறுநாள் பேத்தியின் நிச்சயதார்த்தம். அன்றைக்குப் பல்லக்கா சாப்பிடாமல், நிமிராமல், புதிதாக ஒன்று செய்தாள். விஷயத்தைச் சொன்னால் தம்பி போனில் விழுந்து விழுந்து சிரித்தான். "செம காமெடிக்கா!" என்றான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சாந்து வாளியில் போட்டிருப்பாள்.

இத்தனைக்கும் நடுவில், வேலை செய்யும்போது அது மேஜைக்கடியில் வந்து அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு படுக்கும். கால் மரத்துப்போனாலும் அவள் நகர்த்தமாட்டாள். பாசமா என்று கேட்டுவிடாதீர்கள், அடிக்க வருவாள். காலையில் அதை நடத்திக்கொண்டு போனால், இதுவரை முகம் கொடுத்துப் பேசாத பேப்பர்காரரும் பால்காரம்மாவும் நின்று பேசினார்கள். அது தம்பி வீட்டுக்குத் திரும்பிப் போன நாள்களில் இவளும் அந்தப் பக்கம் நடக்கப் போகமாட்டாள்.

இப்படியிருக்க, ஒருநாள் தம்பியிடமிருந்து போன்.

"அக்கா, மலைக்குப் போறோம். ஏரிக்கரையில பெரிய ஹோட்டல். நீயும் வா."

அவளுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். "நானா?"

"நீதான். எத்தனை நாளைக்குத்தான் அந்தப் பின்னறையிலேயே உட்கார்ந்திருப்பே? பிரின்ஸும் வர்றான். எல்லாரும் சேர்ந்து போலாம்."

தம்பிக்குக் கல்யாணம் ஆனபிறகு அவர்களோடு அவள் எங்கும் போனதில்லை. கூப்பிட்டால்தானே போவதற்கு. அன்று அவள் அடுப்பைத் திட்டவில்லை. மின்விசிறி கிறீச்சிட்டதைக் கவனிக்கவுமில்லை. டாக்டரிடம் லீவு கேட்டாள். "உங்களுக்கு லீவுன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு மறந்துபோச்சு" என்றார் அவர். ஒரு ஸ்வெட்டர் வாங்கினாள். கடைக்காரரிடம், "தம்பி கூப்பிட்டிருக்கான்" என்று கேட்காமலே சொன்னாள்.

காரில் முன்னே தம்பியும் மனைவியும். பின்னே மகள் ஜன்னலோரம், காதில் பாட்டு. அவளுக்கும் அத்தைக்கும் நடுவில் தடியன், முக்கால்வாசி அத்தையின் மடியில். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு அது வாந்தி எடுத்தது. ஒருமுறை பிளாஸ்டிக் பையில், ஒருமுறை துண்டில், ஒருமுறை அவள் கையில்.

"ஐயோ, சீட்டு!" என்றாள் தம்பி மனைவி.

"சீட்டுக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் பல்லக்கா. கைக்கு ஆனதை யாரும் கேட்கவில்லை.

வழியில் நிறுத்திய இடங்களிலெல்லாம் அவர்கள் மூவரும் இறங்கிப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாயைக் காரில் தனியாக விடமுடியாது அல்லவா. இவளுக்குக் காகிதக் கோப்பையில் ஆறிப்போன டீ வந்தது. அதையும் அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டிருக்கிறானே என்ற நினைப்பிலேயே குளிர்ந்துபோயிருந்தாள். புத்திசாலிதான், ஆனால் தம்பி விஷயத்தில் மட்டும் அவளுக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் வழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு.

ஹோட்டல் வரவேற்பறையில் ஒரு பையன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து வரவேற்றான். முன்பல் ஒன்று கட்டிய பல், நிறம் பொருந்தவில்லை. எந்த அரைகுறை செய்ததோ என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அவன் நீல நாடாவில் தொங்கிய இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தான்.

"சின்னது நாய்க்கு மேடம். பெரியது உங்களுக்கு."

"எனக்கெதுக்கு?"

"நாயோட ஆள் நீங்கதானே? சார் புக் பண்ணும்போதே சொல்லியிருக்கார், கூட அட்டெண்டர் வர்றாங்கன்னு. அட்டெண்டர் இருந்தாத்தான் நாயை விடுவோம். ரூம் பின்பக்கம் இருக்கு. சாப்பாடு டிரைவருங்களோட ஷெட்டுல. அட்டை கழுத்துல இல்லேன்னா தோட்டத்துக்குள்ள செக்யூரிட்டி விடமாட்டான், அதான்."

பையன் மேல் தப்பில்லை. அவனிடம் சொன்னதை அவன் சொன்னான். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் பெட்டியின் சக்கரம் ஒழுங்காக உருள்கிறதா என்று மும்முரமாகச் சோதித்துக்கொண்டிருந்தான்.

தம்பி மனைவி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "சும்மா பேருக்குத்தான்க்கா. இங்க ரூல்ஸ் அப்படி. இப்ப போட்டுக்குங்க. அப்புறம் கழட்டிக்கலாம்."

போட்டுக்கொண்டாள். ஏன் போட்டுக்கொண்டாள் என்றால், பெரிய கோபத்துக்கு மேலே ஏறிவரக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

பின்பக்க அறை ஜெனரேட்டருக்கு அடுத்தாற்போல் இருந்தது. ஒரு இரும்புக் கட்டில். தரையில் தண்ணீர் போக ஓட்டை. சுவரில் சங்கிலி மாட்ட ஒரு வளையம். ஜன்னல் என்று சொல்லிக்கொண்டிருந்த பொந்து வழியாகக் குப்பைத்தொட்டி தெரிந்தது. ஏரி எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. தடியன் மூலை மூலையாக மோந்து பார்த்துவிட்டு வந்து அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்தது. அதன் கழுத்திலும் நீல நாடா, இவள் கழுத்திலும் நீல நாடா.

ஜெனரேட்டர் போட்டார்கள். அந்த இரைச்சலில் அவளுக்கு எல்லாம் கோவையாக விளங்கியது. கூப்பிட்டது ஏன், எப்போதும் இல்லாமல் இப்போது கூப்பிட்டது ஏன், காரில் அந்த இடம் ஏன். அட்டெண்டர்! தலைவாரிவிட்ட கையை, சட்டைப் பொத்தான் போட்டுவிட்ட கையை, எவனோ ஒருவனிடம் நாய்க்கு ஆள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். கேட்டால் ரூல்ஸாம்! கோபம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, தலைக்கு ஏறியது. நாயை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று முன்பக்கம் நடந்தாள்.

அவர்கள் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து வரவேற்புப் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். பையன், "மேடம், நாய் இங்க..." என்று எழுந்தான்.

"இருப்பா, ஒரு நிமிஷம். மேல இவங்க ரூம் எத்தனை பேருக்கு?"

"மூணு பேருக்கு மேடம்."

"நல்லது." கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றித் தம்பியின் கழுத்தில் மாட்டினாள். நாயின் வாரை அவன் மடியில் போட்டாள். "யாரு கேட்டாலும் எங்க நாய் எங்க நாய்னுதானே சொல்றீங்க? உன் நாயை நீயே பார்த்துக்க. மேல மூணு பேருக்குத்தான் இடமாம். உன் பொண்டாட்டி, உன் பொண்ணு, நான். கணக்குச் சரியாப் போச்சு."

"அக்கா, எல்லாரும் பார்க்கறாங்க..."

"பார்க்கட்டுமே! எனக்கு அட்டை மாட்டினப்ப பார்க்கலியா?"

தம்பி மனைவி வாயைத் திறந்தாள். பல்லக்கா திரும்பி அந்த வாயை உற்றுப் பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. பையன் நீட்டாமலே சாவியை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

அறையில் ஏரி ஜன்னல் முழுக்க இருந்தது. அவள் பார்க்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஸ்வெட்டரில் ஒட்டியிருந்த நாய் முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கீழே தடியன் ஊளையிட ஆரம்பித்தது. அப்படியொரு ஊளை. அதற்கு நடுவே "பிரின்ஸ்! பிரின்ஸ்!" என்று தம்பியின் குரல்.

சற்று நேரத்தில் அறை போன் அடித்தது. மேனேஜர். "மேடம், நாய் ரொம்பக் கத்துது. மத்த கெஸ்டெல்லாம் கம்ப்ளெயின்ட் பண்றாங்க. அதோட அட்டெண்டர் யாருங்க?"

"கீழதான் நிக்கறாரு பாருங்க. கழுத்துல அட்டை இருக்கும்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்து அவள் கைபேசி. தம்பி.

"அக்கா, அவன் சாப்பிடவே மாட்டேங்கறான். தட்டை வெச்சா மூஞ்சியத் திருப்பிக்கறான். நீ எப்படிக் குடுப்பே?"

எத்தனையோ ஊரிலிருந்து அவன் இப்படிப் போன் செய்திருக்கிறான். பிரின்ஸ் சாப்பிட்டானா, பிரின்ஸ் தூங்கினானா. அவள் சாப்பிட்டாளா என்று ஒருதரம் கேட்டதில்லை. வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கீழே ஊளை நிற்கவில்லை. அந்த வாயில்லா ஜீவன் என்ன பாவம் செய்தது? காலையிலிருந்து எடுத்த வாந்தியில் அதன் வயிற்றில் ஒன்றுமே இருக்காது.

இறங்கிப் போனாள். பின்பக்க அறை வாசலில் தம்பி சட்டையெல்லாம் சேறாக நின்றான். கை சிராய்த்திருந்தது. அவனைத் தாண்டிப் போய்த் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தட்டைப் பக்கத்தில் இழுத்தாள்.

"ஏன்டா தடியா, துரைக்கு ஊட்டிவிடணுமோ? தின்னுத் தொலை. மானத்தை வாங்காதே."

தடியன் தின்ன ஆரம்பித்தது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்து திட்டினால்தான் அதற்குச் சோறு இறங்கும். இத்தனை வருஷத்தில் அதன் சொந்தக்காரர்களுக்கு இது தெரியவில்லை.

"பார்த்து வெச்சுக்க" என்றாள், திரும்பாமல். "இனிமே நீதான் செய்யணும்."

"நீ இவ்வளவு கோச்சுக்குவேன்னு நினைக்கலக்கா. வேற ஒண்ணும் இல்ல. நாயைப் பார்த்துக்க வரியான்னு நேராக் கேக்கறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் எல்லாரும் சேர்ந்து போலாம்னு..."

அவள் எழுந்தாள். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். குரல் உடையக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். உடைந்துதான் போனது, கோபத்தோடு சேர்ந்தே.

"நாய்க்காகன்னு சொல்லியிருந்தா வந்திருக்கமாட்டேனாடா? அதுக்குன்னு சொல்லியிருந்தாலும் ஓடி வந்திருப்பேன். டிரைவரோட உட்கார்ந்து தின்னுட்டு, இதே கட்டில்ல படுத்திருப்பேன். நீ ஏன்டா எனக்காகவே கூப்பிடற மாதிரி கூப்பிட்டே?"

அவன் நாடாவைக் கழற்றக் கையைத் தூக்கினான். அவள் பார்த்த பார்வையில் கை தானாக இறங்கியது.

தடியன் தட்டைக் காலி செய்துவிட்டு அவள் காலடிக்கு வந்தது. அதன் தலையில் ஒரு தட்டு தட்டி, "இங்கேயே இரு" என்று அதட்டிவிட்டு, மேலே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். தம்பி மனைவியும் மகளும் இருந்த மேஜையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கும் சாப்பாடு கொண்டுவரச் சொன்னாள்.